சம்பந்தி எஞ்சினும் ஓர் ஆர்வமற்ற சாட்சியும்

“உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?” என்று ஆஸ்பத்திரி மேட்ரன் அவளைக் கேட்டாள்.

தையல் வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேட்டவற்றுள் அது ஒன்றுதான் கடினமான கேள்வி. தலையணை உறைக்கு எவ்வளவு துணி வேண்டும், ஆபரேஷன் அங்கிக்கு முடிச்சு எந்தப் பக்கம், நடுவில் நைந்த விரிப்பை ஒட்டுப்போடுவதா, இரண்டாகக் கிழித்து ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதா – இதற்கெல்லாம் அவள் பட்டுப்பட்டென்று பதில் சொல்லியிருந்தாள். இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

“பார்க்கிறாருங்க.”

“எதை?”

“எஞ்சினை.”

“டிரைவரா?”

“இல்லீங்க. டிரைவர் ஓட்டுவாரு. இவர் பார்ப்பாரு.”

மேட்ரன் பேனாவை மூடினாள். “அதுக்குச் சம்பளம் யாரு தர்றா?”

“குடிநீர் ஆபீஸ்ல தர்றாங்க. அங்கயும் ஜன்னலோர சீட்டுதான். எட்டிப் பார்த்தா தண்டவாளம் தெரியும்.”

மேட்ரன் சிரித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை; நோயாளிகளோடு மட்டுமே பழகியவள். இந்த உலகத்தை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மூன்று சாரார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ரயிலைக் கண்டுபிடித்தவர்கள் முதல் சாரார். அதை ஓட்டியவர்கள் இரண்டாம் சாரார். பிளாட்பாரத்தின் கடைக்கோடியில் நின்று அதை வாய்பிளந்து பார்த்தவர்கள் மூன்றாம் சாரார். முதல் இருவருக்கும் சிலை வைத்தாகிவிட்டது. மூன்றாமவர் மட்டும் இல்லையென்றால் அந்த இருவரின் உழைப்பும் பார்ப்பாரற்றுப் போயிருக்கும் என்ற உண்மையை வரலாறு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மூன்றாம் சாராரின் திலகமாகத் திகழ்ந்தவர்தான் அவளுடைய வீட்டுக்காரர். இனி நாமும் மற்றவர்களைப் போல அவரைத் ‘தலைவர்’ என்றே மரியாதையாக அழைப்போம்.

“சரிம்மா, வேலை உனக்குத்தான்” என்றாள் மேட்ரன். “திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள நேர்ல வந்து சேர்ந்துடணும். வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். அடுத்த ஆள் எங்க சூப்பரிண்டெண்டோட கொழுந்தியா. ஊசியில நூல் கோக்கத் தெரியாது. ஆனா வரச்சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பா.”

“வந்துடறேங்க.”

“ஆற்றங்கரை ஸ்டேஷன்ல இறங்கணும். எந்த ஆற்றங்கரை? தண்ணி இருக்கிற ஆற்றங்கரை. பாலம் தாண்டினதும் ஸ்டேஷன், வெளியில வந்தா எதிர்லயே ஆஸ்பத்திரி. மாத்தி இன்னொண்ணுல போய் இறங்கிடாதே. அங்கேயிருந்து திரும்பி வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும். உன் நாற்காலியில கொழுந்தியா உட்கார்ந்திருப்பா.”

நாற்காலி என்ற சொல்லை அவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதுக்குள் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டில் அவளுடைய தையல் மெஷினுக்கு நிரந்தர இடம் கிடையாது. முன்னறையில் அவள் தைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரரின் எஞ்சின் பேரவை கூடுகிறது என்று சொல்வார்கள். மெஷினைச் சமையலறைக்கு நகர்த்துவாள். சமையலறையில் தைத்துக்கொண்டிருப்பாள், பேரவைக்குத் தேநீர் வேண்டும் என்பார்கள், மெஷினைப் பின்கட்டுக்கு நகர்த்துவாள். அந்தத் தெருவிலேயே அதிகத் தூரம் பயணம் செய்த தையல் மெஷின் அதுதான். நகராத ஒரு மேசை, தனக்கென்று ஒரு நாற்காலி, சாயங்காலம் பூட்டிவிட்டுக் கிளம்ப ஓர் அறை. அவள் கேட்டதெல்லாம் இவ்வளவே. பேராசைதான்.

‘ஆற்றங்கரை எதற்கு இரண்டு?’ என்று கேட்பவர்கள் ரயில்வே நிர்வாகத்தின் பெருந்தன்மையை அறியாதவர்கள். ஒரு ஆற்றங்கரையில் ஆறு ஓடுகிறது. இன்னொன்றில் எப்போதோ ஓடியது. பிறகு ஏதோ மனத்தாங்கலில் திசைமாறிப் போய்விட்டது. மணலும் பெயரும் மிச்சம். இரண்டும் வெவ்வேறு பாதைகளில் இருந்தவரை யாருக்கும் தொல்லையில்லை. பாதைகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைத்த பிறகுதான் ‘பெயர் ஒழுங்குக் குழு’ என்று ஒன்றை அமைக்க வேண்டிவந்தது.

குழுவின் முன் இரண்டு ஊர்ப் பிரமுகர்களும் ஆஜரானார்கள்.

“தண்ணியைக் காட்டச் சொல்லுங்க. ஒரு குடம் காட்டட்டும், பேரை அவங்களே வெச்சுக்கட்டும்” என்றார்கள் தண்ணீர் உள்ளவர்கள்.

“ஆறுதான் எங்களை விட்டுப் போச்சு. நாங்க ஆத்தை விட்டுப் போகலை. இதுல தப்பு யாரு மேல?” என்றார்கள் மணல் உள்ளவர்கள்.

குழு நீண்டகாலம் உட்கார்ந்தது. இரு பக்க நியாயத்தையும் ஆற அமரச் சீர்தூக்கியது. இறுதியில் யார் மனமும் கோணாத ஒரு தீர்ப்பை வழங்கியது. இரண்டு ஸ்டேஷன்களின் பெயர்ப்பலகையிலும் ‘ஆற்றங்கரை (அசல்)’ என்று எழுதப்பட்டது.

சம மரியாதை என்பது பலகையோடு முடிந்துவிடுகிற விஷயமா? ஒரு ஊருக்கான வண்டி முன்னால் கிளம்பினால் மற்ற ஊருக்கு அவமானம். ஆகவே இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில், ஒரே பிளாட்பாரத்தின் இரு பக்கங்களிலிருந்தும் கிளம்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் பக்கம் கௌரவமானது என்பதால் இன்று ஒரு ஊருக்கு, நாளை மற்ற ஊருக்கு என்று ‘சுழற்சி முறை’ வந்தது. குழப்பமாக இருக்கிறது என்று புகார் எழுதியவர்களுக்கு, ‘எந்த ஆற்றங்கரை என்று தாங்கள் தெளிவாகக் குறிப்பிடவில்லை’ என்று அக்கறையோடு பதில் வந்தது. அதற்குப் பிறகு புகார்கள் நின்றுபோயின. சீர்திருத்தத்தின் வெற்றிக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இனி பேரவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘அபூர்வ இழுவை எஞ்சின் பார்வையாளர் பேரவை’ என்பது அதன் முழுப்பெயர். மொத்த உறுப்பினர்கள் மூன்று பேர். பேர் இருந்தால் பேரவைதானே. தலைவர், அவளுடைய வீட்டுக்காரர். செயலாளர், கடைத்தெருவில் பல் பிடுங்கும் டாக்டர். மூன்றாமவர் மாவு மில்காரர். எந்த எஞ்சினின் ஹாரனையும் தொண்டையிலேயே ஊதிக்காட்டுவார் என்பதால் ‘ஊதல்’ என்று பெயர் வாங்கியவர். பேரவையின் கொள்கை உயர்ந்தது: எஞ்சின்தான் ரயில், பின்னால் வரும் பெட்டிகள் எஞ்சினுக்கு நேர்ந்த துன்பம். வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதெல்லாம் வெறும் பயணிகளின் கவலை. பேரவை அந்த அளவுக்கு இறங்கி வருவதில்லை.

முன்பொரு காலத்தில் ஊதல், பழைய இரும்புக்கு உடைத்துப்போட்டுப் பல வருஷமான ஓர் எஞ்சினை நேற்றுத்தான் பார்த்தேன் என்று சாதித்தார். பேரவை ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. (ஒன்றரைப் பேர் ஒரு பக்கம்.) அன்று கொண்டுவரப்பட்டதுதான் புகழ்பெற்ற சாட்சி விதி. உறுப்பினர்கள் பார்த்தது மட்டும் போதாது. எஞ்சின்கள் மீது எந்த ஆர்வமும் இல்லாத ஒருவர் அதே இடத்தில் நின்று, எஞ்சின் கண்ணுக்கு மறைவதற்குள், “பார்த்தேன்” என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது பார்வை. சொல்லாவிட்டால் வெறுமனே கண் திறந்திருந்ததாகவே கொள்ளப்படும்.

ஆர்வமற்ற சாட்சிக்குப் பல இடங்களில் தேடினார்கள். பல் டாக்டரின் மனைவி ஒருமுறை வந்தாள். வந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “இது ஏன் இவ்வளவு புகை விடுது?” என்று கேட்டுவிட்டாள். ஆர்வம் காட்டிய குற்றத்துக்காக அங்கேயே தகுதிநீக்கம் செய்யப்பட்டாள். அவள் வீட்டுக்குப் போய் அரைநாள் சிரித்ததாகக் கேள்வி. கடைசியில் அந்தப் பொறுப்பு தலைவரின் மனைவி மேல் விழுந்தது. அவள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மழையில் நிற்பாள், வெயிலில் நிற்பாள். உறுப்பினர்கள் மூவரும் எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களுக்குள் விவாதிக்கும்போது, அவள் ஒருத்திதான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டிரைவர் சட்டையில் இரண்டாவது பித்தான் வேறு நிறம், கார்டின் பச்சைக்கொடியில் ஓரத் தையல் பிரிந்து தொங்குகிறது – அவளுக்குத் தெரிவது இவ்வளவுதான். “அண்ணி, சொல்லுங்க” என்பார்கள். “பார்த்தேன்” என்பாள். எல்லாரும் கைதட்டுவார்கள், எஞ்சினுக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பேரவை அவசரமாகக் கூடியது. மெஷின் வழக்கம்போலப் பயணம் புறப்பட்டது.

“தலைவரே, சம்பந்தி வருது” என்றார் பல் டாக்டர். ஓடிவந்ததில் அவருக்கு மூச்சு இரைத்தது.

“எந்தச் சம்பந்தி? உங்க பொண்ணு ஸ்கூலுக்குத்தானே போறா?” என்று கேட்டுக்கொண்டே அவள் தேநீரை வைத்தாள்.

“அண்ணி, மனுஷச் சம்பந்தி இல்ல. எஞ்சின்.”

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த எஞ்சினின் பெயரைக் கேட்டால் அவர் உட்கார்ந்திருப்பதில்லை. பட்டறையில் முன்பாதி உருப்படியாக ஒரு எஞ்சினும், பின்பாதி உருப்படியாக இன்னொரு எஞ்சினும் கிடந்தன. இரண்டையும் வெட்டி ஒட்டினால் என்ன என்று எவருக்கோ தோன்றியது. முன்பாதிக்கு ஒரு மேஸ்திரி, பின்பாதிக்கு ஒரு மேஸ்திரி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முன்னவர் தம் பாதிக்குப் பச்சை அடித்தார். பின்னவர் தம் பாதிக்கு அரக்குச் சிவப்பு அடித்தார். முன்மூக்கு கூர், பின்மூக்கு சப்பை. இரண்டு வீட்டு ஹாரனும் ஒன்றாகக் கத்தும். ஒன்றுக்கொன்று சுருதி சேராது. ஒட்டவும் ஒட்டாமல் விலகவும் முடியாமல் நின்ற அந்த உருவத்துக்குப் பட்டறைக்காரர்களே வைத்த பெயர்தான் சம்பந்தி. உலகத்தில் அதைப்போல் இன்னொன்று கிடையாது. இன்னொன்று செய்யக்கூடாது என்று உத்தரவே இருந்தது.

“நாளைக்குக் காலையில ஆற்றங்கரை வண்டியை அதுதான் இழுக்குதாம்” என்றார் பல் டாக்டர். “வழக்கமான எஞ்சின் படுத்துக்கிச்சு. ஒரே ஒரு தடவை. அப்புறம் திரும்பப் பட்டறைக்கே.”

ஊதல் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு ஹாரனையும் ஒரே தொண்டையில் ஊத முயன்று, புரையேறி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

“நாளைக்கு நான் வேலையில சேரணும்” என்றாள் அவள்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரம் வாய் திறந்து பேசியதுபோல் இருந்தது அவர்கள் பார்வை.

“எந்த வேலை?” என்றார் தலைவர்.

“ஆஸ்பத்திரி வேலை. தினமும் சொல்லிட்டிருக்கேன். நீங்களும் ‘உம்’ கொட்டினீங்க.”

“அது பொதுவான ‘உம்’. அதெப்படி நாளைக்கே? சாட்சிக்கு யாரு நிப்பா?”

“அண்ணி இல்லாம நாங்க பார்த்து என்ன புண்ணியம்?” என்றார் பல் டாக்டர், தழுதழுத்த குரலில். “வேணும்னா உங்க வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லிடுங்களேன்.”

“சேர்றதுக்கு முன்னாடியே லீவா? பல் முளைக்கறதுக்கு முன்னாடியே பிடுங்குவீங்களா நீங்க?”

தலைவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். முகத்தில் ஒரு பெருந்தன்மை படர்ந்தது. “அவ போகட்டும். அவ வேலையை யாரும் கெடுக்க வேணாம். அவளும் ஆற்றங்கரைக்குத்தானே போறா? நானே கூட வந்து வண்டி ஏத்தி விடறேன்.”

ஸ்டேஷனுக்கு அவர் அவளை எத்தனையோ முறை கூட்டிப்போயிருக்கிறார். ஒருமுறையும் வண்டியில் ஏற்றிவிட்டதில்லை. அவளுடைய அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் தனியாகத்தான் போனாள். அன்று எதிர்ப் பிளாட்பாரத்தில் ஏதோ பழைய எஞ்சின் வந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “காலையில சீக்கிரம் கிளம்பணும்ங்க” என்றாள். சொல்லும்போது தன் குரல் கல்யாணமான புதிதில் இருந்ததுபோல் கேட்டதில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனில் நுழைந்ததும் தலைவர், “நீ டிக்கெட் எடுத்துட்டு வா, நான் முன்னாடி போய் இடம் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். அவளுடைய பையையும் அவரே வாங்கிக்கொண்டார். அவளுக்கு அதுவும் ஆச்சரியம். யாருக்கு இடம், எதற்கு இடம் என்று அவள் கேட்கவில்லை. ஆர்வமற்றவள் அல்லவா.

டிக்கெட்டில் ‘ஆற்றங்கரை (அசல்)’ என்று இருந்தது. விசாரணை ஜன்னலில் நீட்டினாள்.

“சார், இது எந்தப் பக்கத்து வண்டி?”

“எந்த ஆற்றங்கரைம்மா?”

“தண்ணி இருக்கிறது.”

“அப்படியெல்லாம் நாங்க பிரிச்சுப் பேசக்கூடாது. ரெண்டும் அசல்.”

“பாலம் தாண்டிப் போறது சார்.”

“பாலம் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல.”

“நேத்து எந்தப் பக்கம் நின்னுச்சு? அதையாவது சொல்லுங்க. இன்னைக்கு அதுக்கு எதிர்ப்பக்கம் போய்க்கறேன்.”

அவர் முதன்முறையாக அவளை மதிப்போடு பார்த்தார். “நல்ல கேள்வி. ஆனா நேத்து ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை சுழற்சிக்கும் லீவு. சனிக்கிழமையிலேருந்து எண்றதா, திங்கட்கிழமையிலேருந்து புதுசா ஆரம்பிக்கறதான்னு மேலிடத்துல கேட்டிருக்கோம்.”

“பதில் வரலையா?”

“வந்துச்சு. ‘ஆவன செய்க’ன்னு.”

பிளாட்பாரத்துக்குப் போனாள். இரண்டு பக்கமும் இரண்டு வண்டிகள். இரண்டிலும் ஒரே பலகை. ஒலிபெருக்கி, ஆற்றங்கரை வண்டி ஆற்றங்கரைக்குப் புறப்படத் தயாராக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னது; ஊருக்கு ஒரு முறை. கூடைக்காரி ஒருத்தி எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டாள் அவள்.

“பலகையைப் பார்த்தா பைத்தியம் பிடிக்கும். மூஞ்சியைப் பார்த்து ஏறணும்” என்றாள் கூடைக்காரி. “நம்ம ஊர் மூஞ்சி எந்தப் பெட்டியில இருக்கோ அதான் நம்ம வண்டி. உனக்குத் தெரிஞ்ச மூஞ்சி எதுவும் இல்லையா?”

“நீங்க எந்த ஆற்றங்கரை?” என்று அவள் கேட்பதற்குள் கூடைக்குப் பின்னால் நான்கு மூட்டைகள் ஏறின. கூடைக்காரி உள்ளே போய்விட்டாள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். அவ்வளவு கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று இருந்தது. மாடிப்படிப் பக்கத்து வண்டியின் தலைமாட்டில், பாதி பச்சையும் பாதி சிவப்புமாக நின்ற ஒரு பூதத்துக்குப் பக்கத்திலிருந்து அது அவளைப் பார்த்துக் கையசைத்தது.

“இங்க வா! இதான் உன் வண்டி!”

ஓடினாள். “இதுதானா? பாலம் தாண்டிப் போற ஆற்றங்கரைதானே? மத்தியானத்துக்குள்ள போயாகணும்ங்க. இல்லைன்னா அந்தக் கொழுந்தியா...”

“இதேதான். எனக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியாதா? அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். முதல் பெட்டியின் படியில் கால் வைத்தாள்.

“ஏறாதே, ஏறாதே! முதல்ல இப்படி வந்து நில்லு. சாட்சி சொல்லிட்டு ஏறிக்கலாம். உன் வண்டி உன்னை விட்டுட்டா போயிடும்?”

எஞ்சின் முன்னால் பேரவை கூடியிருந்தது. அவளுடைய பையைப் பிளாட்பாரத்தில் நிறுத்தி, அதன் மேல் பல் டாக்டர் தம் கேமராவைப் பொருத்தியிருந்தார். இடம் பார்ப்பது என்றால் இதுதான் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. பரவாயில்லை. ஒரு வார்த்தைதானே.

“பார்த்...” என்று ஆரம்பித்தாள்.

“அவசரப்படாதீங்க அண்ணி!” என்று பதறினார் பல் டாக்டர். “இன்னும் நாங்களே பார்க்கலை. தலைவர் வரவேற்புரை, என் அறிக்கை, ஊதல் அண்ணன் ஊதறது, தீர்மானம், எல்லாம் முடிஞ்சுதான் சாட்சி.”

தலைவர் எஞ்சினைப் பார்த்து வரவேற்புரை நிகழ்த்தினார். அதன் இரண்டு மேஸ்திரிகளையும், ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் மற்றவர் பெயர் வராமல் கவனமாகப் பாராட்டினார். பல் டாக்டர் அறிக்கை வாசித்தார். ஊதல் ஊதினார்; சம்பந்தியின் டிரைவர் எட்டிப் பார்த்து, “யாருய்யா அது?” என்றார், அதுவும் அறிக்கையில் சேர்க்கப்பட்டது. எதிர்ப்பக்கத்து வண்டியின் தலைமாட்டில் சாதாரண எஞ்சின் ஒன்று, நாள்தோறும் வருவது, அழுக்குச் சாம்பல் நிறம், யாரும் வரவேற்காமல் நின்று மெல்லப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் இரண்டு காலையும் மாற்றி மாற்றி நின்றாள்.

“கைகாட்டி விழுந்துடப் போகுதுங்க.”

“பேரவை நடக்குதில்ல?” என்றார் தலைவர்.

அப்போதுதான் பல் டாக்டர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, ஏக்கத்தோடு சொன்னார்: “தலைவரே, இது பாலத்து மேல போறப்ப, கீழ தண்ணியில பச்சையும் சிவப்புமா நிழல் விழும் பாருங்க, அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்திருக்கணும்.”

சாதாரண மனிதராக இருந்தால் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பார். தலைவர் சாதாரண மனிதரல்லர். எஞ்சினைப் பற்றி ஒருவர் தவறாகச் சொல்லிவிட்டு அவர் முன்னால் உயிரோடு போய்விட முடியாது.

“பாலமா?” என்று சிரித்தார். “யோவ் டாக்டரே, பல்லோட நிறுத்திக்கும். இதாவது, பாலம் ஏறறதாவது! ரெண்டு எஞ்சினோட அடிச்சட்டத்தையும் கழிக்காம அப்படியே விட்டிருக்கான். எடை என்னன்னு தெரியுமா? இதைப் பாலத்துல ஏத்தினா பாலமும் இதுவும் ஒண்ணா ஆத்துல இறங்கும். பாலத்துப் பக்கமே இதுக்கு அனுமதி கிடையாது. மணல் ஆற்றங்கரைக்கு மட்டும்தான் போகலாம். செயலாளர்னு பேரு, அடிப்படையே தெரியலை!”

பல் டாக்டர் தலைகுனிந்தார். ஊதல் பாராட்டாக ஒரு சின்ன ஊதல் ஊதினார்.

“இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?” என்றாள் அவள்.

சாட்சியாக நின்று எஞ்சினைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. தலைவர் மகிழ்ந்துபோனார். எத்தனை வருஷம் கழித்து, கட்டிய மனைவிக்கு எஞ்சின் மேல் ஓர் ஆர்வம்!

“எப்பலேருந்தா? பட்டறையில ஒட்டுற அன்னைக்கே தெரியும். அனுமதி ஆணையில மூணாவது பத்தி. பேரவையில எனக்கு மட்டும்தான் தெரியும்” என்றார் பெருமையாக.

“நேத்து டாக்டர் வந்து சொன்னப்பவும் தெரியும்.”

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

“இப்ப நான் படியில கால் வெச்சப்பவும்.”

“அட, தெரியும்னு சொல்...” என்றவர் அங்கே நின்றார். எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தம் வாய், எப்போது பெட்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தது என்று அவருக்குப் புரியவில்லை.

கைகாட்டி விழுந்தது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான், சம மரியாதை.

அவள் குனிந்து பையை எடுத்தாள். கேமரா சரிந்தது. பல் டாக்டர் பாய்ந்து அதைப் பிடித்தார். அவள் திரும்பிப் பிளாட்பாரத்தின் குறுக்கே, மூட்டைகளையும் மனிதர்களையும் விலக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கத்து வண்டியை நோக்கி நடந்தாள்.

“அங்க எங்க போறே? அது வெறும் சாதா எஞ்சின்!” என்று கத்தினார் தலைவர்.

அவள் நடந்தாள்.

“அண்ணி! ஒரு வார்த்தை அண்ணி! ‘பார்த்தேன்’னு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுங்க! இந்த ஜென்மத்துல இன்னொரு தடவை வராது!” என்று பல் டாக்டர் கேமராவை அணைத்துக்கொண்டு கெஞ்சினார்.

“நாளைக்குக்கூட வேலையில சேர்ந்துக்கலாம்! நான் வேணா மேட்ரன்கிட்ட வந்து பேசறேன்!” என்று தலைவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

சம்பந்தி இழுத்த வண்டி அவர் முதுகுக்குப் பின்னால் கிளம்பியது. பச்சை வீட்டு ஹாரனும் சிவப்பு வீட்டு ஹாரனும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே அகன்றன. உலகத்திலேயே ஒன்றேயான அந்த எஞ்சின் வளைவில் திரும்பி மறைந்தது. அந்த நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எவரும் இல்லை. ஊதலும் டாக்டரும்கூட எதிர்ப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே நேரத்தில் சாம்பல் நிற எஞ்சினும் சத்தமில்லாமல் தன் வண்டியை இழுக்கத் தொடங்கியிருந்தது. தலைவர் தம் வாழ்நாளில் முதன்முறையாக எஞ்சினை விட்டுவிட்டுப் பெட்டிகளைப் பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். நான்காவது பெட்டியில், மடிமேல் பையோடு, பாலம் இருக்கும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அந்தப் புடவையையும், அவள் அதை எவ்வளவு அழுத்தமாக மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தாள் என்பதையும்கூடப் பார்த்தார். சந்தேகமே இல்லை, இத்தனை வருஷத்தில் அவர் அவளைப் பார்த்தது அன்றுதான்.

ஆனால் பேரவையின் விதி கண்டிப்பானது. தலைவருக்கென்று அதில் சலுகை எதுவும் கிடையாது. பார்த்ததற்குச் சாட்சி வேண்டும். இருந்த ஒரே சாட்சி, ஜன்னலோரத்தில், ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தாள்.